மேல அம்பது வீராசாமி

ஏலத்துக்கு வருகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. பொருளைப் பார்த்துக் கேட்பவர்கள் ஓர் இனம். பொருளைப் பார்க்கிறவனைப் பார்த்துக் கேட்பவர்கள் மற்றோர் இனம். முதல் இனத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாங்குவார்கள், வீட்டுக்குப் போவார்கள். இரண்டாவது இனம் இருக்கிறதே, அதில் தலைசிறந்த ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன்: உத்திரமேரூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் வீராசாமி.

சந்தையில் அவரைப் பார்த்திருக்கிறீர்களா? கத்திரிக்காய்க் குவியலுக்கு முன்னால் கால்மணி நேரம் சும்மா நிற்பார். பக்கத்தில் ஓர் அம்மாள் குனிந்து ஒரு காயை எடுத்தாளோ, அந்தக் காய்தான் அவருக்கு வேண்டும். பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். வேறொருவன் அதன்மேல் கண் வைத்த நொடியில் துண்டைப் போடுவார். மங்கம்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்து மூன்று மாதம் பதிலே சொல்லாதவர், திருமுக்கூடலிலிருந்து இன்னொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே தாம்பூலம் மாற்றினார். அந்த மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டதும் இவருக்குக் கல்யாணமே சப்பென்று ஆகிவிட்டது. இது மங்கம்மாவின் முப்பது வருடத்துப் புகார்.

சுனாமி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடலோரத்துக் குப்பங்களுக்கு நிதி திரட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். அரிசி அனுப்பியாயிற்று, துணி அனுப்பியாயிற்று, வேறென்ன செய்யலாம்? காலமான ஒரு பேராசிரியரின் வீட்டார், இடத்தை அடைக்கிறது என்று மூட்டை கட்டிக் கொடுத்த பழைய நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் ‘அரிய கருவூலம்’ என்று பெயரிட்டுக் கல்யாண மண்டபத்தில் ஏலம் விட்டார்கள்.

அதில் பதினேழாம் எண் ஒரு நீல அட்டை நோட்டு. மானாம்பதி பெஞ்சமின் கூலிக்கு நடவு வேலை பார்த்த காலத்தில் தானே கட்டிய பாட்டுகளைத் தன் கையால் எழுதி வைத்தது. ‘ஒரு வாரத்தில் தருகிறேன்’ என்று வாங்கிப்போன பேராசிரியர் அதைப் பதினெட்டு வருடம் வைத்திருந்துவிட்டுக் கண்ணை மூடினார். தையல் கம்பெனிக்கு லீவு போட்டு வந்திருந்த பெஞ்சமினின் மகள் ஜெனிஃபர், நோட்டைத் திருப்பித் தரும்படி ஏலக் குழுத் தலைவரிடம் கேட்டுப் பார்த்தாள்.

“லிஸ்ட்ல ஏத்தியாச்சும்மா. வேணும்னா நீயும் ஏலத்துல கேளு. நல்ல காரியந்தானே?”

“என் நோட்ட நானே துட்டு குடுத்து வாங்கணுமா?” என்று பெஞ்சமின் காலையிலேயே வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஆரம்ப விலை நூறு. ஜெனிஃபரிடம் இருந்தது இருநூறு.

முன்வரிசையில் வீராசாமி தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாத்தியார் கிழிந்த அகராதிக்கு நூறு என்றதும், கண்ணைத் திறக்காமலே “மேல அம்பது!” என்றார். ஓர் ஓலைச்சுவடியைக் காஞ்சிபுரத்து ஆசாமி ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டார், அதுதான் அவர் செய்த குற்றம். ஐம்பது ஐம்பதாக ஏறி நாலாயிரத்தில் அது வீராசாமியின் மடிக்கு வந்தது. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். மண்டபமே கைதட்டியது, மங்கம்மாவைத் தவிர.

ஜெனிஃபர் பக்கத்தில் இருந்த மங்கம்மாவிடம் கேட்டாள்: “எங்க நைனா நோட்டயும் கேப்பாராம்மா?”

“அவுருக்கு நோட்டு இன்னாத்துக்கு? எதிர்ல ஒரு ஆளு நின்னா போதும். நீ அத்த ஆசையா பாக்காத.”

பார்க்காமல் எப்படி இருப்பது? மேசைமேல் கிடப்பது அப்பன் கையெழுத்து. ஜெனிஃபர் மேசையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வீராசாமியின் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னாள்: “எனக்குப் பதினெட்டாம் நம்பர்தான்மா வேணும். எவ்ளோ ஆனாலும் வுட மாட்டேன்.”

“அதுவா? அது கெடைக்கிறது கஷ்டமாச்சே!” என்றாள் மங்கம்மா. கெட்டிக்காரி.

வீராசாமி எழுந்தே விட்டார். நேராக மேசைக்குப் போய்ப் பதினெட்டாம் எண்ணான தடித்த புத்தகத்தின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு காவல் நின்றார்.

“பதினேழு! கையெழுத்து நோட்டு!”

“நூறு” என்றாள் ஜெனிஃபர், குரலே எழும்பாமல்.

“ஒரு தரம்... ரெண்டு தரம்...”

வீராசாமி தலையைத் திருப்பினார். “எத்தினியாவது நம்பர்?”

“பதினேழுங்க.”

“அப்ப சரி.”

“மூணு தரம்!”

அடுத்து பதினெட்டு. “நூறு!” என்று கத்தினாள் ஜெனிஃபர். “மேல அம்பது!” என்று மண்டபம் அதிரச் சொன்னார் வீராசாமி. அப்புறம் எதிர்க்கட்சியைக் காணோம். நாற்காலி காலி. கரையான் தின்ற மிச்சமாய் ஒரு கரும்பு நோய் அறிக்கை, அதுவும் ஆங்கிலத்தில், நூற்றைம்பது ரூபாய்க்கு அவர் தலையில் விழுந்தது.

“அந்தப் பொண்ணு இன்னா வாங்கிக்கினு போச்சு?”

“ஒரு பாட்டு நோட்டு” என்றாள் மங்கம்மா.

“பாட்டு நோட்டா? அதுல இன்னா கீது?”

பேருந்து நிலையத்துக்கு ஓடினார். மானாம்பதி பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டவளிடம் ஜன்னல் வழியே ஐநூறு என்றார். அவள் பேசவில்லை. பேசாதவளோடு போட்டி போட்டார்: “மேல அம்பது!” அதற்கும் மேலே ஐம்பது. டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் பொறுமை போய் ஒரே தாவலாக ஐயாயிரம் என்றார். ஜெனிஃபருக்கு அது மூன்று மாதச் சம்பளம்!

“வேணாம் மொதலாளி. எங்க நைனா செவுத்த பாத்துக்கினு படுத்துக்கினு கீறாரு.”

பேருந்து நகர்ந்தது. மடியில் நோட்டைப் பிரித்து முதல் பாட்டைப் படித்தவள், வாய்விட்டுச் சிரித்தாள். கண்டக்டர்கூட எட்டிப் பார்த்தார்.

அப்படி என்ன பாட்டு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நூறு ரூபாய்க்கு மேசைமேல் கிடந்தபோது நீங்கள் இதைக் கேட்கவில்லை. வீராசாமி மூச்சிரைக்க ஓடிவந்து ஐயாயிரம் என்ற பிறகுதானே உங்கள் கழுத்து நீள்கிறது? நான் சொல்லப் போவதில்லை. அவ்வளவு ஆசையென்றால் மானாம்பதிக்குப் போய்ப் பெஞ்சமினையே கேளுங்கள். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.