வலிக்கு ஸ்டேஜ் போட்ட கண்டக்டர்

முதுகு வலியை ஊர் ஊராக அளந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை நான் பார்த்திருக்கிறேன். பெயர் நோயாளிச் சீட்டில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. சிதம்பரத்துப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், செவ்வாய்தோறும் நடக்கும் வலிப் பிரிவில், டாக்டரம்மா முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் ஸ்டேஜ் மாமா.

என் கழுத்து 2007 ஐப்பசியிலிருந்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டதால் நானும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விடாத வலிக்காரர்களுக்கான பிரிவு அது. மற்ற இடங்களில் ஒரு டாக்டர் பார்த்து இன்னொருவரிடம் அனுப்புவார். இங்கே டாக்டரம்மா, பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் என்று ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே நோயாளியைப் பார்ப்பார்கள். முதல் தடவை கதவைத் திறந்த மாமா அப்படியே பின்வாங்கி, வரிசையில் நின்ற என்னிடம் திரும்பினார்.

"என்னா மாப்ள, அஞ்சு செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒரே வண்டியில ஏறியிருக்காங்க!"

கடலூர் - சிதம்பரம் ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் நின்றே வேலை பார்த்த கண்டக்டர் அவர். நின்ற முதுகு, ஓய்வு பெற்ற மறுவருஷமே மடங்க ஆரம்பித்துவிட்டது.

அவர் முதன்முதலில் வந்தது 2008 பொங்கல் கழிந்த செவ்வாய். சிஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாது. உங்களுக்கு எவ்ளோ?"

"வலிக்கு மார்க் போட நான் என்னா வாத்தியாராம்மா?"

"சும்மா ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க."

மாமா கண்ணை மூடி யோசித்தார். "ஆலப்பாக்கம் தாண்டிடுச்சு. செம்மங்குப்பம் இன்னும் வரல."

"என்னாது?"

"சிதம்பரத்துல வண்டி நிக்குதுன்னா வலி இல்ல. கடலூர் பஸ் ஸ்டாண்டு வந்துட்டா உயிரு போயிடுச்சுன்னு வெச்சிக்க. நடுவுல ஸ்டேஜ் ஸ்டேஜா முட்லூரு, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், செம்மங்குப்பம், குடிகாடு, முதுநகர். இதவிட கரெக்டா எவன் சொல்லுவான்?"

வேறு சிஸ்டராக இருந்தால் மனநல ஆலோசகரைக் கூப்பிட்டிருப்பார். இந்த சிஸ்டருக்குச் சொந்த ஊர் ஆலப்பாக்கம். "எங்க ஊரு என்னா பாவம் பண்ணுச்சு?" என்று முறைத்துவிட்டு ஆறரை என்று எழுதினார்.

மாசி முடிவதற்குள் தொற்று பரவிவிட்டது. முழங்கால்காரர் முட்லூர் என்றார். இடுப்புக்காரர் "முதுநகர் சிஸ்டர், பஸ் ஸ்டாண்டு கண்ணுக்குத் தெரியுது" என்று அழுதார். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் சண்டைக்கு நின்றார்.

"எங்க ஊரு இந்த ரூட்லயே இல்லியே. என் வலிய நான் எதுல ஏத்துறது?"

"அழுவாத. உனக்குத் தனி பஸ் விடுறேன்" என்று மாமா ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் புவனகிரி வழியாக அந்த அம்மாவுக்கு ஸ்டேஜ் எழுதிக் கொடுத்தார். சிஸ்டரும் எண்களைக் கைவிட்டு ஊர்ப் பெயர்களையே கோப்பில் எழுதத் தொடங்கினார்.

பங்குனியில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளம் டாக்டர் புதிதாக வந்தார். மாமாவின் கோப்பைப் புரட்டியவர் முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க அய்யா, போன வாரம் குடிகாடு, அதுக்கு முந்தி முட்லூர், இந்த வாரம் புதுச்சத்திரம். இத்தனை தடவை வீடு மாத்துனா முதுகு எப்படிங்க நல்லாகும்?"

அதோடு விடவில்லை. நோயாளியை எந்த வீட்டுக்காரரும் தங்க விடுவதில்லை போலிருக்கிறது, விசாரிக்கவும் என்று சமூகப் பணியாளருக்கு எழுத்து மூலம் உத்தரவு போட்டார். அந்தக் காகிதத்தை சிஸ்டர் வெகுநாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

உடற்பயிற்சிக் கூடம் இன்னும் மோசம். மாமா விசில் இல்லாமல் கையைக் காலை அசைக்க மாட்டார். ரெண்டு விசில் கொடுத்துக் காலைத் தூக்குவார், ஒரு விசில் கொடுத்து இறக்குவார். நாலாவது வாரத்தில் கூடமே அவர் விசிலுக்குத்தான் குனிந்து நிமிர்ந்தது. பிசியோதெரபிஸ்ட் தம்பி வாயைத் திறந்தால், "விசில் வரட்டும் சார்" என்றார்கள்.

ஆலோசகர் ஒரு நாள் எங்களைப் பாயில் படுக்க வைத்தார். கண்ணை மூடி, மனசுக்கு அமைதியான ஒரு இடத்தை நினைக்கச் சொன்னார். அறை நிசப்தமானது. ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

"உள்ள போ, உள்ள போ! நடுவுல எடம் இருக்குல்ல? படியில நிக்காத!"

மாமாவின் அமைதியான இடம் காலை எட்டு மணி கடலூர் பஸ். அந்தக் குரலில் இருந்த அதிகாரத்தில், கண்ணை மூடியிருந்த பதினோரு பேரும் பாயோடு ஒரு முழம் முன்னால் நகர்ந்தோம்.

இப்படிப்பட்டவரின் குரல் இறங்கியதையும் ஒருமுறை கேட்டேன். அந்தப் பிரிவில் ஒவ்வொருவரும், வலி குறையணும் என்பதைத் தவிர, செய்ய ஆசைப்படும் காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா மாமாவிடம் கேட்டார்.

"ஆவணியில பேத்திக்குக் காதுகுத்து. குடிகாட்டுல. எனக்கு ஒரே பொண்ணு, ஆம்பளப் புள்ள இல்ல. தாய்மாமன் மடி இல்லாத கொழந்த. நாந்தான் மடியில வெச்சி ஒக்காரணும். மூணு வருஷமா நான் அந்த ஊரு பஸ்சே ஏறலம்மா."

"நீங்க போகலன்னா?"

"எங்க சித்தப்பா பேரன் ஒருத்தன் இருக்கான். அவன் மடியில வெச்சிக்கலாம்னு சம்பந்தி வீட்ல பேசுறாங்க." மாமா மேஜையைத் தட்டினார். "அவன் ரயில்ல போறவம்மா!"

சமூகப் பணியாளர் கார் ஏற்பாடு செய்யலாமா என்றார். "என் ரூட்டுல நான் காரா?" என்று கேட்ட கேள்வியில் அந்தப் பேச்சு முடிந்தது.

ஐந்து பேரும் கூடிப் பேசினார்கள். ஒருவர் மாத்திரை நேரத்தை மாற்றினார், ஒருவர் மணையில் உட்காரப் பழக்கினார், ஒருவர் சம்பந்தி வீட்டுக்குப் பேசினார். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "வலி முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். வலியோட போயிட்டு வர வழி சொல்றேன்." வழி இதுதான்: ஒரேயடியாக உட்காரக் கூடாது. வலி ஏறுவதற்கு முன்னாலேயே முட்லூரில் இறங்கணும், பத்து நிமிஷம் நடக்கணும், அடுத்த பஸ் ஏறணும். அதேபோல் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம்.

மாமா எழுந்தே விட்டார். "வழியில எறங்குற கண்டக்டர் உண்டா? ஜாஸ்தி பேசாதீங்க!"

அடுத்த இரண்டு செவ்வாய் அவர் வரவில்லை. கூடத்தில் யாருக்கும் கால் எழும்பவில்லை. சேத்தியாத்தோப்பு அம்மா, "வண்டி பிரேக்டவுனாயிடுச்சு போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது செவ்வாய் வாசலிலேயே மாமா என்னைப் பிடித்தார்.

"மாப்ள, நீ கூட வர்றியா? ஒத்தையில எறங்குனா வெக்கமா இருக்கு. ரெண்டு பேருன்னா டீ குடிக்க எறங்குனாப்புல இருக்கும்."

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்குச் சிதம்பரத்திலிருந்து கிளம்பினோம். காதுகுத்து பத்து மணிக்கு. முட்லூரில் இறங்கப் போனபோது டிரைவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, குடிகாடு இன்னும் வரல, ஒக்காருங்க" என்றார். ரூட்டை மாமாவுக்கே சொல்லிக் கொடுக்கிறார்! நான் டீ என்று சொல்லி இறக்கினேன். புதுச்சத்திரத்தில் இரண்டாவது பஸ்சின் கண்டக்டர் கண் கலங்கினார். "மாமா, எங்க வண்டியில என்னா கொறை? சொல்லுங்க, டிப்போவுல பேசுறேன்."

அதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் பறந்துவிட்டது. ஆலப்பாக்கத்தில் மூன்றாவது பஸ் எங்களை இறக்கிவிட்டுக் கிளம்பவே இல்லை. பெரியவர் நடந்து முடிக்கட்டும் என்று ஓரங்கட்டி நின்றது. ஐம்பது பயணிகள் ஜன்னல் வழியாக மாமாவின் நடையைப் பார்த்தார்கள். "இடுப்ப ஆட்டாம நடங்க பெரியவரே!" என்று ஒருவர் ஆலோசனை சொன்னார்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! கையை ஓங்கிக்கொண்டு பஸ்சை நோக்கிப் போனார்.

"டைம் கீப் பண்ணத் தெரியாதா? எனக்காக வண்டிய நிறுத்துவியா? எட்றா வண்டிய!"

பஸ் பயந்து ஓடியது. அடுத்த பஸ் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அந்த முப்பத்தைந்து நிமிஷமும் அவர் திட்டியபடியே நடந்ததால் முதுகுக்கு நல்லதே நடந்தது.

குடிகாட்டில் இறங்கும்போது மணி ஒன்பதரை. முகம் வெளுத்து, சட்டை நனைந்து, என் தோளைப் பிடித்தபடி நின்றார்.

"வலி எங்க இருக்கு மாமா?"

"செம்மங்குப்பம்." மூச்சு வாங்கினார். பிறகு சிரித்தார். "ஆனா நான் குடிகாடு வந்துட்டேன் பாத்தியா?"

பந்தலில் ரயிலில் வந்த சித்தப்பா பேரன் புது வேட்டியோடு மணைக்குப் பக்கத்திலேயே தயாராக நின்றான். மாமா அவனைப் பார்க்கவேயில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மடித்த போர்வையை மணையில் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, பேத்தியை வாங்கி மடியில் வைத்தார். ஆசாரி குத்தினார். குழந்தை பந்தல் அதிர வீரிட்டது. மாமா அதைவிடச் சத்தமாக அழுதார். யாருக்கு எங்கே வலி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு குழந்தை அழுத களைப்பில் அந்த மடியிலேயே தூங்கிவிட்டது. பந்தியில் இலை போட்டாயிற்று, எடுத்தும் ஆயிற்று. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரவே கூடாதவர் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் குழந்தையை வாங்க வந்தபோது, "எழுப்பாத, எழுப்பாத" என்று கிசுகிசுத்தார்.

கடைசியில் குழந்தை தானாகவே எழுந்து ஓடியது. அவரால் எழ முடியவில்லை. "மாப்ள, கொஞ்சம் தூக்கி விடேன்" என்று என்னைப் பார்த்தார். கனமான எதையும் தூக்கவே கூடாது என்பதுதான் அந்த ஆஸ்பத்திரியில் என் கழுத்துக்கு எழுதிக் கொடுத்த முதல் கட்டளை.

இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். அவர் ஒன்றும் கனமாக இல்லை.