உள்ளான் லைன்மேனும் என் கோழிக்கடையும்

திருவண்ணாமலையிலேயே பறவைக் காய்ச்சலைப் பற்றி முழுசாகத் தெரிந்த ஒரே கோழிக்கடைக்காரன் நான்தான். இது பொய். எனக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளான் லைன்மேன் சொன்னது. அதில் பாதி அன்றைக்கே புரியவில்லை, மீதி இன்றைக்கும் புரியவில்லை. மூன்றாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவனிடம் இதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் இதை மட்டும் அடித்துச் சொல்வேன்: கரண்ட் கம்பியைவிடப் பறவையை அதிகம் பார்த்த லைன்மேன் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

வேங்கிக்காலில் எங்கள் தெரு ஏரியில் போய் முடியும். கடைசிக் கம்பம் கரைமேலேயே நிற்கும். அதில் ரிப்பேர் என்றால் அவருக்குக் கல்யாண விருந்து. வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆள் இறங்க மாட்டார். ஆசிரமம் பக்கம் யாரோ வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போன பைனாகுலர் கழுத்தில் தொங்கும். ஒரு பக்கக் கண்ணாடி உடைசல். அதனால் ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சேற்றில் குடுகுடுவென்று ஓடும் உள்ளான்களை எண்ணுவார். ஊசி மூக்கு, ஆடுற வால், கைக்குள் அடங்கும் உடம்பு. ஆயுத பூஜை வாக்கில் எங்கிருந்தோ வரும், கோடை வெயில் ஏறினால் போய்விடும்.

கீழே தெருவே விசிறிக்கொண்டு நிற்கும். எதிர்வீட்டு டெய்லர் அக்காதான் முதலில் கத்தும்.

"இன்னா லைன்மேன், கரண்ட் எப்ப வரும்?"

"எண்பத்தி நாலு... எண்பத்தி அஞ்சு... அட போக்கா! கலைச்சு உட்டுட்ட பாரு. மறுபடி மொதல்லருந்து எண்ணணும்."

இன்னும் அரை மணி நேரம் கரண்ட் கிடையாது.

அப்படி இருக்கையில் ஒரு தை மாசம், டிவியில் பறவைக் காய்ச்சல் வந்தது. எங்கேயோ வடக்கே கோழிகளைக் கோணிப்பையில் போட்டுப் புதைப்பதைக் காட்டினார்கள். மறுநாளிலிருந்து என் கடைக்கு ஈகூட வரவில்லை. வருஷக்கணக்காகக் கறி வாங்கியவர்கள், கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். கடையை மூடினால் எனக்கு வேறு தொழில் தெரியாது. கடலை வண்டி தள்ளலாம் என்றால் கடலையை நானே தின்றுவிடுவேன்.

வெளியூர்ப் பறவைதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்றும் டிவி சொன்னது. அது போதாதா? தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடியைத் தூக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவைத் திரட்டி ஏரிக்குக் கிளம்பிவிட்டேன். ஒரே வெடியில் உள்ளான்களைத் துரத்துவது, கடையைக் காப்பாற்றுவது. திட்டம் பிரமாதம்.

கம்பத்தின் உச்சியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"டேய் கோழி, வெடிய கீழ வை."

"ண்ணா, இறங்குண்ணா. உனக்கு உள்ளான் முக்கியம், எனக்குக் கடை முக்கியம்."

"இதுங்களுக்கு நோவு இருக்குனு யார்ரா சொன்னது?"

"டிவியில சொல்றான். வெளியூர்லருந்து எடுத்தாருதாம்."

"பௌர்ணமிக்கு கிரிவலம் வராங்களே, அவங்க?"

"அவங்களுக்கு இன்னா?"

"ஊரு ஊருலருந்து வராங்க. ஒரே தண்ணிப் பந்தல், ஒரே டம்ளரு. ஒருத்தனுக்குச் சளி இருந்தா இன்னா ஆவும்?"

"எல்லாருக்கும் சளி."

"அவ்ளோதான்டா. உள்ளானுக்கும் இது கிரிவலம். பனி தேசத்துலருந்து கிளம்பி, வழியில ஏரி ஏரியா இறங்கும். அதே தண்ணியில பேளும், அதே தண்ணியில மேயும். ஒண்ணுக்கு நோவு இருந்தா எச்சத்துல இறங்கித் தண்ணி வழியா அடுத்ததுக்குப் போவும். மாட்டு டாக்டர் வீட்டு ஃபேனு ரிப்பேர் பண்ணப் போனப்ப கேட்டுக்கினு வந்தேன்."

"அப்ப நோவு வந்த பறவைய மட்டும் காட்டு, அத மட்டும் துரத்துறேன்."

"காட்ட முடியாது. நிறைய பறவைக்குக் காய்ச்சல் இருக்கறதே வெளிய தெரியாது. ஜம்முனு பறக்கும்."

"காய்ச்சலே வராத பறவை காய்ச்சல எப்படிண்ணா கொடுக்கும்?"

"உனக்குப் படிப்பே வரல. நீ என் புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தியே, அப்படித்தான்."

கூட்டம் சிரித்தது. எனக்குத் தலை சுற்றியது.

"சரி, நீ வெடி வைக்கிற. இதுங்க சமுத்திரம் ஏரிக்குப் போவும். அங்கயும் ஒருத்தன் வெடி வைப்பான், சாத்தனூருக்குப் போவும். ஒரு ஏரியில கிடந்த நோவ ஊரு ஏரிக்கெல்லாம் நீயே பஸ் ஏத்தி அனுப்புற."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"கீழ பாருடா. எது மேல நிக்கற?"

பார்த்தேன். என் கடை இறகு, என் கடைக் குடல். தினமும் காலையில் ஏரி ஓரமாக நான் கொட்டுகிற குப்பை. கொஞ்சம் தள்ளி, அந்தக் குப்பை சரிந்த சேற்றில்தான் உள்ளான்கள் மூக்கைக் குத்திக் குத்தி மேய்ந்துகொண்டிருந்தன.

"நாளைக்கு உன் கோழிக்கு நோவு வந்தா, அதுங்களுக்குக் கொடுக்கறவன் யாரு?"

மொத்தத் தெருவும் என்னைத் திரும்பிப் பார்த்தது. டெய்லர் அக்கா சரவெடியை என் கையிலிருந்து பிடுங்கியது. "அப்ப இவன் பின்னாடிதான் இத கொளுத்தணும்!"

உள்ளான் எனக்குக் கொடுக்கிறதா, நான் உள்ளானுக்குக் கொடுக்கிறேனா, இல்லை யாருமே யாருக்கும் கொடுக்கவில்லையா? ஒன்றும் விளங்காமல் நின்றேன். அவர் இறங்கி வந்தார், என் கடைக்குப் பின்னால் கடப்பாரை போட்டார். இரண்டு பேருமாகக் குழி வெட்டி, குப்பையைப் போட்டு, சுண்ணாம்பு தூவி மூடினோம். அன்றிலிருந்து ஒரு இறகுகூட ஏரிக்குப் போனதில்லை.

ஆனால் கடை? அது காலியாகத்தான் கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவரே வந்தார். பறவை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து கறி தொடாத மனுஷன். என் பெண்டாட்டியிடம் கோழிக் குழம்பு வைக்கச் சொன்னார். கொதிக்கக் கொதிக்க ஒரு கால் துண்டை எடுத்துக்கொண்டு, தெரு நடுவில் நின்று, பைனாகுலர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

"நல்லா வெந்துச்சினா ஒண்ணும் ஆவாது. பாருங்க, உயிரோடதான் இருக்கேன்."

சாயங்காலத்துக்குள் என் கடையில் ஆறு பேர் நின்றார்கள். அவர் மட்டும் கம்பத்துக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுபோனேன். வாய் கொப்பளித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதடா கோழி" என்றார். இத்தனை வருஷம் சொல்லவில்லை.

ரிட்டயர் ஆகி, மெட்ராஸில் மகன் வீட்டு மூன்றாவது மாடிக்குப் போய்விட்டார். போகும்போது அந்த ஒற்றைக்கண் பைனாகுலரை என் கல்லா மேல் வைத்து...

"ஏங்க! கரண்ட் போச்சு. எழுதுனது போதும், ஈபி ஆபீசுக்கு போன் போடுங்க!"

பெண்டாட்டி கூப்பிடுகிறாள். போட வேண்டியதுதான். அதற்கு முன்னால், எப்போதும்போல ஒரு தடவை கரைக்குப் போய் அந்தக் கடைசிக் கம்பத்தின் உச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.