பதினேழர் கொடுத்த அவுட்

மொன்றியலில் இருக்கும் தமிழர்களில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்கிறவர் ஒருவர்தான். லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் காவல் வேலை. வேலை நேரம் முழுவதும் பழைய இங்கிலாந்தில் என்ன விளையாடினார்கள் என்று வாசித்துத் தள்ளுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் செயின்ட்-மிஷேல் பூங்காவில் எங்கள் கிரிக்கெட்டுக்கு நடுவர். எங்களுக்கு அவர் 'பதினேழர்'.

ஒருநாள் நடு ஸ்டம்பைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அந்தக் காலத்தில ரெண்டு குச்சிதான் தம்பி." இன்னொரு நாள், மாதா கோயில் பூசைக்குப் போகாமல் விளையாட வந்த மன்னார் அந்தோனியைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காலத்தில ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் மட்டை பிடிச்ச ஆக்களுக்குத் தண்டம் அடிச்சவங்கள், தெரியுமே?" அந்தோனி அன்று கைக்கு வந்த மூன்று கட்ச் விட்டார்.

லாசால் பகுதி அணியோடு இறுதி ஆட்டம் வந்தது. போன வருடம் கைகலப்பு வரை போன பகை. தலைவர்கள் இருவரும் முகம் பார்ப்பதில்லை. பதினேழர் விடவில்லை. "அப்ப சட்டப் புத்தகம் கிடையாது. ரெண்டு பகுதியும் கதைச்சு ஒத்துக்கொண்டதுதான் சட்டம். கதையுங்கோ!" இருவரும் அரைமணி நேரம் புல்லைப் பார்த்துக் கதைத்தார்கள்.

கடைசிப் பந்து. நாலு ஓட்டம் வேண்டும். மட்டை என் கையில். வீசி அடித்தேன், பந்து நேரே வானத்துக்குப் போனது. லாசால் விக்கெட் காப்பாளர் ஞானம், அதைப் பிடிக்க அண்ணாந்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார். புத்தி எங்கே போனதோ, பந்தை இன்னொரு தரம் அடித்துவிட மட்டையை ஓங்கினேன்.

"விலகடா!"

பதினேழர் பாய்ந்து வந்து ஞானத்தைத் தள்ளினார். அடி அவர் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

லாசால்காரர் என்னைச் சுற்றி வளைத்தார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். "வேணுமெண்டு அடிச்சவன்!" எங்கள் ஆட்கள் ஸ்டம்புகளைப் பிடுங்கினார்கள். அப்போது கீழே கிடந்தவரின் நல்ல கை மெல்ல உயர்ந்தது. ஒரு விரல்.

"முதல்ல இவர் அவுட், கட்ச் பிடிக்கவிடேல்லை. பேந்து சண்டை பிடியுங்கோ."

யாரோ சிரித்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது.

ஆம்புலன்சில் கேட்டேன். "ஏன் அண்ணை குறுக்க வந்தனீங்கள்?"

"அந்தக் காலத்தில இப்பிடித்தான் ஒருத்தன் ரெண்டாந்தரம் ஓங்கி, பிடிக்க வந்தவன்ரை தலையில பட்டு, ஆள் முடிஞ்சுது." வலியில் கண்ணை மூடினார். "செத்தவன் போயிட்டான். அடிச்சவன் மிச்சக் காலம் என்னெண்டு நித்திரை கொண்டிருப்பான்? எனக்கு அவன்ரை கவலைதான் தம்பி."

ஆறு கிழமை கையில் கட்டு. தினமும் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, அவர் சொல்வதையெல்லாம் கேட்டேன். கட்டுப் பிரித்த அன்று, "இனி நீர் மினக்கெட வேண்டாம்" என்றார். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போய் மணியடித்தேன்.