ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது

சனிக்கிழமை காத்தான்குடிக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கினேன். டொக்டர் சொன்ன வேலை. "ஐயா, மாத்திரைய நான் கூட்டிட்டே போறன். உடம்ப நீங்க குறைங்க" என்றிருந்தார்.

வயது ஐம்பதுக்கு மேல். சைக்கிள் ஓடியதே இல்லை. கண் போனது, மெல்லிய சக்கரம் வைத்த ஒரு சிவப்புச் சைக்கிள் மேல்.

கடை முதலாளி என்னை நேராகப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் பார்த்தார். அதற்குத்தான் நேரம் எடுத்தது.

"அது வேணாம் சேர். இத எடுங்க. வயலுக்கு ரெண்டு மூட நெல்லு ஏத்துற சைக்கிள்."

"நான் என்ன நெல்லு மூடையா?"

"மூட அசையாம இருக்கும் சேர். நீங்க அசைவீங்க. அதான் யோசிக்கிறன்."

வாங்கினேன்.

மூன்று நாள் காலையில் வாவிக்கரை வீதியில் பழகினேன். மதகுக் கட்டின் மேல் நின்று காலைப் போட்டால் ஏறிவிடலாம். ஓடவும் வந்துவிட்டது! இறங்கத்தான் வரவில்லை. கால் தரைக்கு எட்டாது. அதே மதகுக்குத் திரும்பிவந்து கட்டைப் பிடித்தால்தான் இறக்கம்.

நாலாம் நாள் துணிந்து ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினேன். முன்னால் வெள்ளைக்கொடி. தறப்பாள் பந்தல், கதிரைகள், சனம்.

செத்த வீடு!

அதைக் கடக்கும்போது இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஓடிக்கொண்டு போகிறவன் மனிசனில்லை.

வீடு யாருடையது? என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த சிவத்துடையது. அவன் மகள் கலியாணத்துக்கு நான் போகவில்லை. அன்றிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சில்லை. இப்போது, வாசல் பதாகையில் இருந்த படத்தின்படி, அவனுடைய அப்பா போயிருக்கிறார். எனக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. இதையும் இறங்காமல் கடந்தால், சிவத்தை இந்தப் பிறப்பில் மறந்துவிட வேண்டியதுதான்.

இரண்டு பிரேக்கையும் பிடித்தேன்.

சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை.

வாசலில் நின்ற சிவத்தின் மேல் போய் விழுந்தேன். நிலத்துக்குப் போகாமலிருக்க அவனைக் கட்டிப்பிடித்தேன். சைக்கிளில் அடிபட்ட முழங்கால் வலியில் கண்ணீர் கொட்டியது.

அவன் என்னை இறுக்கிக்கொண்டு கதறினான். "அண்ணே! நீங்க வருவீங்க எண்டு நான் நினைக்கல்லயே!"

நானும் நினைக்கவில்லை.

கதிரையிலிருந்த ஒரு முதியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பாத்தியா மனே, ஒழுங்கா இறங்கி வரக்கூட அந்த மனிசனுக்கு மனம் பொறுக்கல்ல!"

முழுப் பிழையான செய்தி. மறுப்பு வெளியிடும் எண்ணம் எனக்கு இல்லை.