ஈரத்துணி அண்ணனும் ஏமாந்த சென்சாரும்

பெரம்பலூரில் நடக்கிற எல்லாக் கோளாறுக்கும் காற்றின் சூடுதான் காரணம் என்று முழு மனதோடு நம்பியவர் ஈரத்துணி அண்ணன். வண்டி இழுக்கவில்லையா, காற்று சூடு. டீ கசக்கிறதா, காற்று சூடு. அவருடைய மச்சான் வார்டு எலெக்‌ஷனில் தோற்றதற்கும் இதே விளக்கம்தான் தந்தார். மச்சான் அதன்பிறகு பட்டறைப் பக்கம் வருவதில்லை.

அரியலூர் ரோட்டில் அவர் பட்டறை. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தோளில் எப்போதும் நனைத்த துண்டு ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கும். எந்த கார் வந்தாலும் பானெட்டைத் திறந்து, என்ஜினுக்குக் காற்று போகிற குழாய்மேல் அந்தத் துண்டைப் போட்டுவிட்டுத்தான் என்ன வேணும் என்று கேட்பார். ஒருமுறை குரும்பலூர்க்காரர் ஒருவர் உச்சி வெயிலில் வந்து, வண்டியில் பிக்கப்பே இல்லை என்று கத்தினார். அண்ணன் துண்டை எடுத்து அவர் தலையில் போட்டார்.

“மொதல்ல நீங்க ஆறுங்க. அப்பறம் வண்டி ஆறட்டும். சூட்டுல டியூனிங் பாக்குற பழக்கம் நம்மகிட்ட இல்ல.”

காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹாரன் எங்கே இருக்கிறது என்பது மட்டும். ஆகவே அவர் எது சொன்னாலும் எனக்கு வேதவாக்கு.

“குழாய்ல ஒரு சென்சார் இருக்கு தம்பி. காத்து சூடா வந்தா அது கம்ப்யூட்டர்கிட்ட போட்டுக் குடுத்துரும். ஒடனே கம்ப்யூட்டர், பெட்ரோலப் பத்தவைக்கிற ஸ்பார்க்கைக் கொஞ்சம் லேட்டாக்கிரும். அப்பறம் வண்டி எங்க இழுக்கும்?”

“ஏன் லேட்டாக்கணும்?”

“பயம். அது ஒரு கோழைப்பய.”

இந்தக் கோழையை நம்பித்தான் நான் பெண் பார்க்கக் கிளம்பினேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. முன் தலையில் முடி விடைபெற்றுக்கொண்டிருந்தது. என் போட்டோவைப் பார்த்ததும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லும் வீடுகள் பெருகியிருந்தன. உடையார்பாளையத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் மட்டும் வரச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, நாலரை மணி ராகு காலத்துக்கு முன்னால் வாசல் ஏறிவிட வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. இதையும் விட்டால் வேறு இடமில்லை என்று அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சித்திரை வெயில். என் பழைய பெட்ரோல் கார் மத்தியானத்தில் ஏசி போட்டால் மாட்டுவண்டிக்கு வழிவிடும். அண்ணன் தாமாகவே துணைக்கு வந்தார். வருவதற்கு முன் ஒரு வேலை செய்தார். குழாயிலிருந்து சென்சாரை உருவி, அந்த ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்தார். பிறகு சென்சாரை ஈரத்துணியில் சுற்றி முன்பக்கம் கட்டித் தொங்கவிட்டார்.

“இனிமே அது ஊட்டின்னு நெனச்சுக்கும்.”

நினைத்துக்கொண்டது. வண்டி பறந்தது. “இத முன்னாடியே செஞ்சிருக்கலாமேண்ணே” என்றேன். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

அரியலூர் தாண்டியதும், சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றை முந்த ஆக்சிலேட்டரை மிதித்தேன். என்ஜினுக்குள் யாரோ பித்தளைக் குடத்தில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல் சத்தம்.

பின்சீட்டிலிருந்து அம்மா, “என்னப்பா அது, சோழி உருட்டுறாப்ல?” என்றார்.

“துணி காஞ்சிருக்கும்க்கா” என்று அண்ணன் இறங்கித் தண்ணீர் ஊற்றினார். சத்தம் கூடியது. மறுபடி இறங்கி, அம்மா குடிக்க வைத்திருந்த பாட்டிலையும் ஊற்றினார். சத்தம் இன்னும் கூடியது. மூன்றாவது முறை இறங்கியவர் ஊற்றவில்லை. பானெட்டைத் திறந்து, காற்றுக் குழாய்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“தம்பி, அது கோழை இல்ல. சூட்டுக் காத்துக்கு ஸ்பார்க் முந்திக்கிட்டு வந்தா உள்ள தானா வெடிச்சு இப்படித்தான் அடிக்கும். அதுக்குத்தான் லேட்டாக்கியிருக்கு. நாம சென்சாரை மட்டும் குளிர வச்சோம். உள்ள போற காத்து நெருப்பாத்தானே போவுது? இப்படியே ஓட்டுனா பிஸ்டன் ஓட்டையாயிரும்.”

“மணி நாலுண்ணே.”

அவர் துணியை அவிழ்த்தார். கொதிக்கிற குழாயில் விரலைச் சுட்டுக்கொண்டே சென்சாரை மாட்டினார். ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, அந்த வண்டிக்கு இஷ்டமான வேகத்தில் போய்ச் சேர்ந்தோம். பவுடரெல்லாம் கரைந்து நான் காலருக்குள் வழிந்திருந்தேன். வாசலில் பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

“ராகு காலம் பொறந்துருச்சே. நேரத்தை மதிக்காத எடத்துல எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?”

நான் வெயிலைப் பற்றி ஆரம்பித்தேன். அண்ணன் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் போனார்.

“தப்பு என்னுதுங்க. நல்லா இருந்த வண்டிய நான்தான் கெடுத்தேன். தம்பி வேணாம் வேணாம்னுதான் சொன்னுச்சு. நான் கேக்கல.”

பெண்ணின் அப்பா அவருடைய கொப்புளம் கண்ட விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சரி, பந்தல்ல உக்காருங்க. ஆறு மணிக்கு மேல பேசிக்குவோம். எங்கூட்டு வண்டியும் மத்தியானத்துல இழுக்க மாட்டேங்குது, அதக் கொஞ்சம் பாக்கறீங்களா?”

ஆறு மணிக்கு என்னிடம் பேச வந்தபோது பெண்ணின் அப்பா கையிலும் கிரீஸ் இருந்தது. ஆவணியில் கல்யாணம்.

பெரம்பலூரில் இப்போது கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனர் வைத்த பட்டறைகள் நிறைய வந்துவிட்டன. நான் இன்னும் அரியலூர் ரோட்டுக்குத்தான் போகிறேன், வண்டிக்கு ஒன்றுமே இல்லாத நாட்களிலும்.