பின்பக்க ஸ்பீக்கரில் என் குரல்

பயந்தவன் பொய் சொல்லக் கூடாது. அதற்கெல்லாம் தைரியசாலிகள் இருக்கிறார்கள். நான் செகண்டரி டூவோடு படிப்பை விட்டதே பரீட்சைப் பயத்தில்தான். லிஃப்டில் ஏறினால் நடுவில் நின்றுவிடுமோ என்று கவலை. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் கதவு திறக்குமோ என்று கவலை. அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பொய் எம்சி எடுத்தேன். (உடம்பு சரியில்லை என்று டாக்டர் தரும் சீட்டு. இங்கே அது இல்லாமல் தும்மக்கூட முடியாது.)

எல்லாம் என் சிநேகிதன் சேகரால் வந்தது. தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் டிவிக்காகத் தமிழ்ப் படம் எடுக்கிறார்களாம்; கதாநாயகனுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டுமாம்.

“தோசை தின்னா போதும் லா. டிவில வருவே!” என்றான்.

நான் ஏர்கான் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். டாக்டரிடம் வயிற்றுவலி என்று முனகிச் சீட்டு வாங்கினேன்; முதலாளிக்கு போன் போட்டு அங்கேயும் முனகினேன். மனைவி கோமதியிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் பேட்டை தோ பாயோ முழுக்கத் தெரிந்துவிடும். கம்பெனியின் நீல டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, அவள் கட்டிக்கொடுத்த டிபனோடு, வேலைக்குப் போவது போலவே கிளம்பினேன்.

முகம் தெரிந்தால்தானே மாட்டுவேன்? கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உதவி இயக்குநர், “சும்மா ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, உங்க சத்தம் வராது” என்றார். நம்பிப் பேசினேன்.

படம் சேனலில் வந்த அன்று வயிற்றில் நிஜமாகவே வலி. எங்கள் வீட்டுப் பழைய டிவியில், கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் ஒரு நீலத் திட்டு தெரிந்தது. அதுதான் நான். சத்தமோ மார்க்கெட் இரைச்சல். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கோமதிக்கே என்னைத் தெரியவில்லை. தப்பித்தேன் என்று அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

தீபாவளி வந்தது. முதலாளி தனபாலன் அண்ணன் மார்சிலிங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு எங்களையெல்லாம் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார். அதற்கு முதல் நாள் என்னைத் தனியாக அழைத்து, “சூப்பர்வைசர் ஒருத்தர் போடணும். உன்னைத்தான் நெனச்சிருக்கேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்” என்றார். பன்னிரண்டு வருடமாக ஏணி பிடித்தவனுக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அவர் வீட்டில் சுவரளவுக்குப் புது டிவி. மூலைக்கு மூலை ஸ்பீக்கர்.

“சேனல்ல பாக்குறதெல்லாம் ஒரு படமா? ஆன் டிமாண்ட்ல, வேணுங்கிறப்ப போட்டுப் பாருங்க, கொசுவோட காலு தெரியும். சத்தம் நம்மளச் சுத்தி வரும். நம்ம ஊர்ல எடுத்த படம் ஒண்ணு இருக்கு, போடறேன்.”

அதே படம்! வெறும் நீலத் திட்டுதானே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு, கடைசி சோபாவில் ஒடுங்கினேன். (அங்கேதான் பின்பக்க ஸ்பீக்கர் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும்?)

சாப்பாட்டுக் கடைக் காட்சி. கதாநாயகி அழுகிறாள். கூடத்தில் அமைதி. அப்போது என் பிடரிக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்:

“எங்க பாஸ் நல்ல மனுஷன் லா. வயித்துவலின்னு சொன்னா அப்படியே நம்பிடுவாரு!”

இருபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் வாய் நிறைய முறுக்கு. வாயே திறக்காமல் என் குரல் கேட்டது. பதறி எழுந்து கத்தினேன்:

“நான் இப்ப சொல்லல பாஸ்! அது அப்ப சொன்னது!”

சேனலாக இருந்திருந்தால் காட்சி அதன்பாட்டுக்கு ஓடிப்போயிருக்கும். இது பாழாய்ப்போன ஆன் டிமாண்ட். அண்ணன் ரிமோட்டை எடுத்துப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார். திட்டுமில்லை, ஒன்றுமில்லை. சுவரகலத்துக்கு என் முதுகு. அதில் கம்பெனிப் பெயர், கீழே எட்டு எண்கள். முகத்தை மறைத்த மேதாவி முதுகில் எழுதியிருப்பதை மறந்துவிட்டேன்.

“இது நம்ம நம்பர்தானே?” என்றார் அண்ணன்.

“அடிச்சுப் பாக்கட்டுமா பாஸ்?” என்றான் கூட வேலை செய்யும் முருகேசன். அடித்தான். அண்ணனின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அதோடு போயிருக்கலாம். கோமதி என்னைக் காப்பாற்ற எழுந்தாள். “இல்லண்ணே, இவருக்கு வயித்துவலியே வந்ததில்ல. இந்த வருஷம் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாம இருந்ததில்லையே! தினமும் டிபன் கட்டிக் குடுக்கிறேன்ல?”

அண்ணன் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அன்னிக்கு உங்கக்கா கஞ்சி காச்சிட்டாடா, உன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு. நாந்தான், பாவம், தூங்கட்டும்னு தடுத்தேன்” என்றார், தன் மனைவியைக் காட்டி.

சாப்பாட்டுக்குப் பிறகு சூப்பர்வைசராக முருகேசனின் பெயரைச் சொன்னார். நானும் கைதட்டினேன்.

வேலை போகவில்லை. இன்றும் முருகேசனுக்கு ஏணி பிடிக்கிறேன். தீபாவளிக்குத் தவறாமல் மார்சிலிங் போகிறோம். எல்லாருக்கும் மட்டன் பிரியாணி வரும். எனக்கு மட்டும் முதலில் ஒரு கிண்ணம் கஞ்சி. அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்த பிறகுதான் பிரியாணித் தட்டு. அக்கா காய்ச்சுவார், அண்ணன் ஊற்றுவார். கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டுவது கோமதி.

“குடிங்க. அன்னிக்கே குடிச்சிருக்க வேண்டியது.”