தகரப் பெட்டியின் விளிம்பு

சேட்டு பீடியை விட்டுவிட்டார். மாகறல் சிவன் கோயிலில், பெண்டாட்டி மலர்க்கொடி பக்கத்தில் நிற்க, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்துச் சத்தியமே செய்துவிட்டார். அவளோ திரும்பி வந்ததும் நேராக ஊர்க் கடைக்காரி சொக்கம்மாளிடம் போனாள். "இந்த மனுசனுக்கு ஒரு பீடி குடுத்தே, அப்பறம் நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது!" விட்டவருக்கு இத்தனை காவல் எதற்கு என்கிறீர்களா? இருபது வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியவள் அவள்.

மறுநாளே சேட்டு சத்தியத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார். 'வூட்ல புடிக்க மாட்டேன்' என்றுதானே மனசுக்குள் சொன்னார்? வயலில் இருக்கிற பம்ப் செட் கொட்டகை வீடா என்ன? சைக்கிளில் உத்திரமேரூர் போய் ஒரு கட்டு வாங்கிவந்தார். கிருஷ்ணாயில் டின்னை வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒரு பெட்டி அடித்தார். பீடிக்கட்டு அதற்குள் குடியேறியது. வெட்டிய விளிம்பை மடித்துத் தட்டவில்லை. வேண்டுமென்றே அரிவாள்மணையாக விட்டுவைத்தார். "கிட்ட போவாதே, தகரம் கிழிச்சிடும்" என்று பெண்டாட்டியை மிரட்டியும் வைத்தார். இப்படி ஒரு மூளை தனக்கு வாய்த்ததை எண்ணி அவருக்கே புல்லரித்தது.

நெல் பால் பிடிக்கிற சமயத்தில் மோட்டார் நின்றுவிட்டது. மெக்கானிக் அருள்தாஸ் வந்தார். பெட்டிக்குள் கையை விட்டவர் 'ஐயோ' என்று அலறி இழுத்துக்கொண்டார். விரலில் ரத்தம்.

"இன்னாண்ணே, மோட்டார் வச்சிக்கினு கீறியா, கசாப்புக் கடை வச்சிக்கினு கீறியா? ரிப்பேர் பண்றவன் கை கையில்லையா? விளிம்ப மூடு. அதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூ திருப்ப மாட்டேன்!"

"அடுத்த வாரம் பாக்கலாம்பா."

"பயிரு அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்குமாய்யா?" மலர்க்கொடி குறுக்கே வந்தாள். "இன்னா பண்ணணும், சொல்லு தம்பி."

"சைக்கிள் டியூப நீட்டா கிழிச்சி, ரெண்டு மடிப்பா விளிம்புல வச்சி, கம்பியால இறுக்கிட்டா போதும்க்கா."

"அப்ப அந்த ஸ்பேனரக் குடு." வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ரப்பர் கிழிக்க ஸ்பேனர் எதற்கு என்று சேட்டு யோசித்திருக்கலாம். அவர் யோசனையெல்லாம் பீடிக்கட்டின் மேல். அருள்தாஸ் கை கழுவப் போனதும் அவசரமாகப் பெட்டிக்குள் கையை விட்டார். கட்டு வந்தது. கூடவே கட்டைவிரல் தோலும் வந்தது. பீடிக்கட்டை மடியில் செருகிக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து ரப்பர் நாடாக்களோடு வந்த மலர்க்கொடி அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏழாவது."

"இன்னாது ஏழாவது?"

"காயம். நீ உத்திரமேரூர் போய் வர்ற அன்னிக்கெல்லாம் விரல்ல துணி. கேட்டா அருவா பட்டுச்சுன்றே. அறுப்பே இன்னும் வரலே, அருவா எங்கருந்துய்யா வந்துச்சி? எனக்கு வச்ச தகரம் உன்னத்தான் கிழிச்சிக்கினு கீது. மடியில கீறத எடு."

எடுத்தார். கட்டு கிணற்றுக்குள் போனது. சேட்டு முகத்தில் எதையும் காட்டவில்லை. போனால் போகட்டும், நாளைக் காலையில் ஒரே மிதி, உத்திரமேரூர்.

இருவருமாக விளிம்பு முழுக்க ரப்பர் சுற்றினார்கள். அருள்தாஸ் தைரியமாகக் கையை விட்டுப் பழுதைச் சரிசெய்தார். தண்ணீர் குபுகுபுவென்று வயலுக்குப் பாய்ந்தது. பயிர் பிழைத்த சந்தோஷம் சேட்டுவுக்கும் இருக்கத்தான் செய்தது.

"ரப்பர் புதுசாட்டம் கீதே!" என்று விளிம்பைத் தடவினார் அருள்தாஸ்.

சேட்டுவும் தடவினார். திடீரென்று கை நின்றது.

"ஏம்மே, நம்ம வூட்ல பழைய டியூப் ஏது?"

"பழசு ஏதுய்யா? முன் சக்கரத்துது பத்தலே, பின் சக்கரத்துதையும் உருவிட்டேன்."